ஜீப்புக்கு அடியில் 350 வருசம்

போன வாரம் சென்னையில் இருந்து வந்த ஒரு தம்பி, "என்னண்ணே, எப்ப பாத்தாலும் இந்த ஓட்டை ஜீப்புக்கு அடியிலேயே படுத்துக் கிடக்கீங்க?"ன்னு கேட்டார். காரணம் சொல்ல ஒரு கதை வேணும், கொஞ்சம் வரலாறும் வேணும்.

சில வருசத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்ட மறுநாள். எரு மூட்டைகளோட, எலுமிச்சை பறிக்க வந்த மூணு பேரையும் ஏத்திக்கிட்டு மலைத் தோட்டத்துக்குப் போய்க்கிட்டிருந்தேன். ஏத்தத்தில் அடியில் 'டங்'குன்னு ஒரு சத்தம். இன்ஜின் ஓடுது, வண்டி நகரலை. கால் பிரேக்கை மிதிச்சு, கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டு, இறங்கிப் பார்க்கலாம்னு காலை எடுத்தேன். வண்டி பின்னால் உருள ஆரம்பிச்சிருச்சு. மறுபடி மிதிச்சுப் பிடிக்கவும், பின்னால் இருந்த அக்கா ஒருத்தங்க குதிச்சு இறங்கி டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாங்க. நாலடி தள்ளி பள்ளம்.

உடைஞ்சது 'கிராஸ்'. கியர் பெட்டியில் இருந்து பின் ஆக்சிலுக்குப் போகிற நீள ஷாஃப்டின் ரெண்டு முனையிலும் கூட்டல் குறி மாதிரி இருக்கும் சின்ன இரும்பு. அதன் நாலு காலிலும் நாலு கப்பு, ஒவ்வொரு கப்புக்குள்ளும் ஊசி ஊசியா பேரிங். பழைய ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, இந்த ஷாஃப்டைத்தான் பிடிக்கும். கிராஸ் போச்சுன்னா வண்டி ஓட்டமும் போச்சு, கைப்பிரேக்கும் போச்சு. அன்னைக்கு ஃப்ரண்ட் கியரைப் போட்டு, பின் ஷாஃப்டைக் கழற்றி வண்டிக்குள்ள போட்டுக்கிட்டு, முன் சக்கர இழுவையிலேயே மெதுவா ஊர் வந்து சேர்ந்தோம்.

இந்த கிராஸ் எங்கே இருந்து வந்ததுன்னு அப்புறம்தான் தேடிப் படிச்சேன். வெளிநாட்டில் இந்த ஷாஃப்டுக்கு 'கார்டன் ஷாஃப்ட்'னு ஒரு பேர் உண்டு. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோவின் பேர் அது. ஆனா இதை விளக்கமா எழுதி 1676ல் புத்தகமாப் போட்டது இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். ஸ்பிரிங் பத்தி பள்ளிக்கூடத்தில் ஹூக் விதி படிச்சோமே, அவரேதான். வண்டிக்காக அவர் இதைச் செய்யலை, சூரியனைப் பார்க்கிற கருவிக்காகச் செஞ்சார்.

இந்த இணைப்பில் பிறவிக் குறை ஒண்ணு இருக்கு. சாய்வா வெச்சுச் சுத்தினா, ஒரு பக்கம் சீரா சுத்தினாலும் மறுபக்கம் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகமெடுத்து ரெண்டு தடவை தளரும். 30 டிகிரி சாய்வில், 100ன்னு உள்ளே போற வேகம் 87க்கும் 115க்கும் நடுவில் ஆடும். சூரியக் கடிகாரத்தின் நிழலும் இதே கணக்கில்தான் ஒரு நேரம் வேகமாவும் ஒரு நேரம் மெதுவாவும் நகரும். அதனால் ஹூக்குக்கு இந்தக் குணம் உபயோகமாவே இருந்தது. நமக்கு அது அதிர்வு. அதுக்கு மாற்றும் அவரே சொன்னார்: ரெண்டு இணைப்பைச் சரியான திசையில் சேர்த்துப் போட்டா ஒண்ணின் ஆட்டத்தை இன்னொண்ணு தின்னுடும்.

இதை நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன். புது கிராஸ் போட்டு வந்த பிறகு வண்டி உடம்பெல்லாம் நடுங்குச்சு. ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் ரப்பரை மாத்தச் சொன்னாங்க, மாத்தியும் நிக்கலை. கடைசியில் ஒரு வயசான மேஸ்திரி அடியில் படுத்துப் பார்த்துட்டு, ஷாஃப்ட் நடுவில் இருந்த ரெண்டு அம்புக்குறியைக் காட்டினார். பிரிச்சு மாட்டினவங்க திசை மாத்திச் சொருகியிருந்தாங்க. எதிரெதிரா வெச்சுச் சொருகினதும் நடுக்கம் நின்னது. ஹூக் சொன்னது அவ்வளவுதான்.

ஆரம்பகாலக் கார்கள் பலதும் சைக்கிள் மாதிரி சங்கிலியில் ஓடினவை. தூசியும் சேறும் சங்கிலியைத் தின்னுச்சு. பால் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்த அமெரிக்க மாணவர் கிளாரன்ஸ் ஸ்பைசர், காருக்கு ஏத்த மாதிரி இந்த இணைப்பை மூடிய வடிவத்தில் செஞ்சு 1903ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருசமே நியூ ஜெர்சியில் தயாரிப்பும் தொடங்கிட்டார்.

முன் சக்கரம்தான் பெரிய சிக்கல். அது இழுக்கவும் வேணும், திரும்பவும் வேணும். அவ்வளவு சாய்வில் ஒத்தை கிராஸ் போட்டா ஸ்டீயரிங் உதறும். 1920களில் ஃபோர்டில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் செப்பா ஆறு குண்டு வெச்சும், பிரான்சில் ஃபெனாய், கிரிகுவார் ரெண்டு பேரும் வேற விதமாவும், சீரா சுத்துற இணைப்பைக் கண்டுபிடிச்சாங்க. 1940ல் அமெரிக்க ராணுவத்துக்கு முதல் ஜீப் தயாரானப்போ இந்த வேலை எல்லாம் கைகொடுத்தது. போர் முடிஞ்ச கொஞ்ச நாளில், 1940களின் கடைசியில், மகிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பிச்சாங்க. அப்படித்தான் நம்ம மலைப் பாதைகளுக்கும் அது ஏறி வந்தது.

கிராஸ் சொல்லாமல் கொள்ளாமல் உடையாது. மெதுவாப் போகும்போது குருவி கத்துற மாதிரி 'கீச் கீச்'னு கேட்கும். கியர் போட்டதும் 'டக்'குன்னு தட்டும். கப்பைச் சுத்தி காவி நிறத்தில் துருப்பொடி தெரியும். அப்படின்னா உள்ளே கிரீஸ் செத்துப்போச்சு, ஊசிகள் அரையுதுன்னு அர்த்தம். சக்கரத்துக்குக் கல் வெச்சுட்டு, ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்த்தாலே தெரிஞ்சிடும். நாலு கப்பிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கிற வரை அடிக்கணும். ஓடைத் தண்ணியில் இறங்கி வந்தா அன்னைக்கே அடிக்கணும். ரொட்டேவேட்டர் ஷாஃப்டிலும் இதே கிராஸ்தான், அதுக்கும் இதே வைத்தியம்தான்.

அந்தக் கீச் சத்தம் எனக்கு ரெண்டு வாரமாக் கேட்டுச்சு. காட்டுக் குருவின்னு விட்டுட்டேன். கல் வெச்ச அக்கா இப்பவும் எங்க தோட்டத்துக்கு வர்றாங்க. ஏறுறதுக்கு முன்னாடி, "கிரீஸ் அடிச்சியாப்பா?"ன்னு கேட்பாங்க. அடிச்சேன்னு சொன்ன பிறகுதான் ஏறுவாங்க.