நகரசபையிலிருந்து மந்திரி பீடம் வரை

கிள்ளைக்கும் கடலூருக்கும் தூரம் அதிகமன்று. எனினும் நம் முன்னோர்க்கு அது கலெக்டர் கச்சேரிக்குக் கைகட்டிச் சென்று மீளும் ஊராகவே நெடுங்காலம் இருந்தது. அவ்வூரில் 1918-ஆம் ஆண்டு பிறந்து, அதன் நகரசபைத் தலைவராக விளங்கியவர் எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார்.

சொத்தும் வரியும் உடையாரே வாக்களித்த நாளில், தொகையில் மிக்க நம் குலத்தார் செல்வாக்கில் சிறியராகவே கிடந்தனர். 1949-ல் தென்னார்க்காடு ஜில்லா போர்டு தேர்தலில் சங்கத்தின் சார்பில் நின்றோர் 52 இடங்களுள் 22-ஐக் கைப்பற்றினர். ஜில்லாவில் இயன்றது மாகாணத்தில் ஏன் இயலாது என்னும் எண்ணம் அப்பொழுதே வேரூன்றிற்று.

ஆயின், நம்மவர்க்கு வாய்த்த குறையும் உடன் வந்தது. ஒரே கட்சியாய் எழவேண்டியது இரண்டாயிற்று. படையாட்சியார் 1951-ல் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தோற்றுவித்தார், எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர் காமன்வீல் கட்சியைக் கண்டார். வடார்க்காட்டார் ஒருபுறம், தென்னார்க்காட்டார் ஒருபுறம்!

வயது வந்தோர் யாவரும் வாக்களித்த 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் முன்னது 19 இடங்களும் பின்னது 6 இடங்களும் பெற்றன. 375 உறுப்பினர் கொண்ட சென்னைச் சட்டசபையில் காங்கிரஸ் பெற்றவை 152 மட்டுமே. பெரும்பான்மை இன்றித் தவித்தோர்க்கு இந்த 25 பேரும் எத்துணை அரியர் என்பதை அன்பர்கள் எளிதில் உணர்வர். இராஜாஜி அமைத்த மந்திரி சபையில் மாணிக்கவேலு நாயக்கர் இடம்பெற்றார், படையாட்சியார் சேர்ந்திலர். 1954-ல் காமராசர் அமைத்த எண்மர் சபையிலே அவரும் ஸ்தல ஸ்தாபன மந்திரியானார். நகரசபையை நடத்தியவர் கைக்கே மாகாணத்து நகரசபைகள் வந்தமை பொருத்தமே. கட்சியோ காங்கிரஸில் கரைந்தது.

பதவிக்காகக் கட்சியை விற்றார் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதோம். வாயிற்புறத்தே நின்று மனுக்கொடுத்த குலம், மனுவைப் படிக்கும் மேசையருகே அமர்ந்தது சிறு மாறுதலன்று. ஆயினும், கரைத்தபின் பேரம் பேசும் வலி எங்கிருந்து வரும்? 1962-ல் கட்சியை அவர் மீண்டும் எழுப்பியபோது பழைய வெற்றி கிட்டவில்லை. பின்னர் 1980-லும் 1984-லும் திண்டிவனம் தொகுதியிலிருந்து காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குச் சென்றார், 1992-ல் மறைந்தார்.

2019-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு அவர்க்கு மணிமண்டபம் திறந்தது. இவ்வரலாற்றை வகுப்பில் சொல்லியபோது ஒரு சிறுவன், “பத்தொன்பதும் ஆறும் ஏன் ஐயா தனித்தனியே நின்றன?” என்று வினவினான். விடை கூற நமக்குச் சிறிது நேரம் பிடித்தது.