'எங்கட பிள்ளைதானே' என்று விட்டால்: சிறு முதலாளிகள் அறிந்திருக்க வேண்டிய தொழிற்சட்டங்கள்

2011 இல் மீள்குடியேறிய பின் கிளிநொச்சியில் ஒரு தகரக் கொட்டிலில் கட்டடப் பொருட்கள் விற்கும் கடையைத் தொடங்கினேன். முதலில் வேலைக்குச் சேர்த்தது அயல்வீட்டுப் பிள்ளையை. தகப்பனை யுத்தத்தில் இழந்தவர். நியமனக் கடிதம் இல்லை. சம்பளம் கையில், மதியச் சாப்பாடு கடையில், தைப்பொங்கலுக்கு உடுப்பு. அவருக்கு உதவி செய்கிறேன் என்றே நினைத்திருந்தேன்.

பத்து ஆண்டுகள் கழித்து, அரைகுறையாக நின்ற வீட்டைக் கட்டி முடிக்க அவருக்குக் காசு தேவைப்பட்டது. வேறொரு நிறுவனத்தில் வேலை செய்த அவரது நண்பர், தன் சேமலாப நிதியில் 30 வீதத்தை முன்கூட்டியே எடுத்து வீடு கட்டியிருந்தார். "அண்ணை, என்ர பேரிலயும் அப்பிடிக் காசு இருக்குதா?" என்று கேட்டார். இருக்கவில்லை. சில வாரங்களில் தொழில் அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது.

முதலில் கோபப்பட்டேன். 'நானும் எல்லாவற்றையும் இழந்து வந்தவன், எனக்கு யார் தந்தது?' என்று கேட்டேன். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் அப்போது அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியமும்

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும்.

சம்பளம் 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஊழியரிடம் 3,200 ரூபாவைக் கழித்து, உங்கள் 4,800 ரூபாவையும் சேர்த்து 8,000 ரூபாவைச் சேமலாப நிதிக்குச் செலுத்த வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 1,200 ரூபா. உங்கள் பங்கான 12 வீதத்தையும் ஊழியரின் சம்பளத்தில் கழிப்பது சட்டவிரோதம். சில கடைகளில் இது நடக்கிறது.

நான் செய்த பெரிய தவறு, 'ஒரு ஆள்தானே' என்று நினைத்தது. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் முதல் நாளிலிருந்தே இந்தக் கடமை உண்டு. நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், நாட்கூலிக்கு வருபவர், பயிலுநர், துண்டு வேலை செய்பவர் எல்லோரும் இதில் அடங்குவர். முதலாளியின் குடும்பத்தினர் மட்டும் வேலை செய்யும் இடத்துக்கு விலக்கு உண்டு. அயல்வீட்டுப் பிள்ளை அந்தக் கணக்கில் வரமாட்டார்.

பிந்தினால் என்ன நடக்கும்?

ஒரு மாதத்துக்குரிய பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கும். 3 மாதம் கடந்தால் 30 வீதம், 6 மாதம் கடந்தால் 40 வீதம், ஒரு வருடம் கடந்தால் 50 வீதம். உரிய மாதத்தில் கழிக்காமல் விட்ட ஊழியரின் 8 வீதத்தைப் பின்னர் அவருடைய சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது. அதையும் நீங்களே கட்ட வேண்டும். என் நிலுவையில் பெரும்பகுதி ஒரு வருடத்துக்கு மேற்பட்டது. கட்டி முடிக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

கடை, காரியாலய ஊழியர் சட்டம்

1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இது. ஒரு நாளுக்கு 8 மணி நேரம், கிழமைக்கு 45 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு வழங்க வேண்டும். கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வு உண்டு. முழு ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும் உரியவை. பெண் ஊழியருக்குச் சம்பளத்துடன் 84 வேலைநாட்கள் மகப்பேற்று விடுமுறை வழங்க வேண்டும். நியமனக் கடிதம் கட்டாயம். அது ஊழியரைப் போலவே முதலாளியையும் காப்பாற்றும். சம்பளத்தைப் பற்றிப் பின்னர் தகராறு வந்தால் என் கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை.

தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்கவே கூடாது. குடும்பக் கஷ்டம் என்று தாயே கூட்டிவந்து விட்டாலும் இதில் மாற்றமில்லை.

பணிக்கொடையும் வேலைநீக்கமும்

15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டுகள் பூர்த்தி செய்தவர் விலகினால், ஒவ்வொரு ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தின் அரைவாசி வீதம் பணிக்கொடை உண்டு. 40,000 ரூபா சம்பளத்தில் 10 ஆண்டுகள் என்றால் 200,000 ரூபா. இதை 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஊழியர் தானாக விலகினாலும் கொடுக்க வேண்டும். இறந்தால் அது வாரிசுகளுக்குரியது.

அதே அளவுள்ள இடங்களில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவரது எழுத்துமூல சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். சிறிய கடையில் நிறுத்தப்பட்டவரும் 6 மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம்.

பின்னுரித்தாளர் பெயர்

எங்கள் மாவட்டங்களில் தனியாகக் கவனிக்க வேண்டிய விடயம் இது. யுத்தத்துக்கு முன்னர் சேமலாப நிதியில் சேர்ந்த பலர், தமக்குப் பின் பணத்தைப் பெறுபவராகக் குறித்தவர் இன்று உயிருடன் இல்லை, அல்லது காணாமற்போயுள்ளார். ஊழியர் இறந்தால் அவரது பிள்ளைகள் அந்தப் பணத்துக்காக அலைய நேரும். உங்களிடம் வேலை செய்பவரிடம் ஒருமுறை கேளுங்கள். பெயரை மாற்ற வேண்டுமானால் படிவத்தை நிரப்ப உதவுங்கள். அடையாள அட்டை இலக்கமும் பெயரின் எழுத்துகளும் சரியாக உள்ளனவா என்றும் பாருங்கள்.

நிலுவை வைத்திருப்பவர்கள் முறைப்பாடு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்கு நீங்களே போய்ப் பதியுங்கள். ஒவ்வொரு மாதமும் பிந்தப் பிந்தத் தொகை கூடும்.

நான் கட்டிய பணம் கடைசியில் அந்தப் பிள்ளையின் கணக்கில் சேர்ந்தது. ஆனால் அதற்குள் அவர் வட்டிக்குக் கடன் வாங்கிக் கூரையைப் போட்டுவிட்டார். இப்போது என் கடையில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். நால்வருக்கும் நியமனக் கடிதம் உண்டு. பங்களிப்புக் கட்டிய பற்றுச்சீட்டை ஒவ்வொரு மாதமும் அவர்களிடம் காட்டுகிறேன்.