ஈ.பி.எப். பணத்தையும் சொத்துக் கணக்கில் சேர்க்கலாமா?

நம்மிடம் உள்ளவற்றின் பெறுமதியிலிருந்து கடன்களைக் கழித்தால் வருவது தேறிய சொத்து. காணி, நகை, வங்கிச் சேமிப்பு எல்லாவற்றையும் எழுதிவிடுவோம். ஊழியர் சேமலாப நிதியத்தில், அதாவது ஈ.பி.எப்.பில், இருக்கும் பணத்தை எழுதுவதா என்பதில்தான் குழப்பம். எழுத வேண்டும், ஆனால் தனி வரியில் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

அது யாரும் தரும் உதவிப் பணமல்ல. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி சம்பளத்தில் 8 வீதம் ஊழியரிடமிருந்தும், 12 வீதம் தொழில்தருநரிடமிருந்தும் சேர்கிறது. 50,000 ரூபா சம்பளத்துக்கு மாதம் 10,000 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் செலுத்தும் 3 வீதம் இதற்குப் புறம்பானது.

ஆனால் ஈ.பி.எப். பணத்தை நினைத்தவுடன் எடுக்க முடியாது. பொதுவாக ஆண்களுக்கு 55 வயதும் பெண்களுக்கு 50 வயதும் ஆக வேண்டும். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக இயலாமற்போனோர், நிரந்தரமாக வெளிநாடு செல்வோருக்கு விலக்குண்டு. 10 வருடம் பங்களித்து, குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியுள்ளவர்கள் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் வரை பெறலாம்.

ஓர் உதாரணம்: வங்கியில் 3 இலட்சம், நகை 5 இலட்சம், ஈ.பி.எப். 12 இலட்சம், கடன் 6 இலட்சம். தேறிய சொத்து 14 இலட்சம். ஈ.பி.எப். இல்லாமல் பார்த்தால் 2 இலட்சம்தான். புதிதாகக் கடன் எடுக்கலாமா என்று முடிவெடுக்க இரண்டாவது தொகையைப் பாருங்கள். முதுமைக்குப் போதுமா என்று அறிய முதலாவதைப் பாருங்கள். அதிலும் விலைவாசியை மறக்கக்கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. அரச ஓய்வூதியத்தைச் சொத்தாக அல்ல, மாத வருமானமாகவே நான் கணக்கெடுப்பேன்.

போரில் இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்த வரி வெறுமையாகவே கிடக்கக்கூடும். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போன்ற இடங்களிலோ தனியார் நிறுவனங்களிலோ அப்பா வேலை செய்திருக்கலாம். சம்பளத் துண்டு ஓடிய வழியில் தொலைந்திருக்கலாம். கடதாசி தொலைந்ததால் உரிமை தொலைந்துவிடாது. அடையாள அட்டை இலக்கம், நிறுவனத்தின் பெயர், வேலை செய்த காலம் ஆகியவற்றுடன் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். இறந்தவரின் பணம் அவர் நியமித்த பின்னுரித்தாளிக்கு, அப்படி ஒருவர் இல்லாவிட்டால் சட்டபூர்வ உரித்தாளர்களுக்குச் சேர வேண்டியது. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள், 2016இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட காணாமற்போனமைச் சான்றிதழைக் கொண்டு என்ன செய்யலாம் என்றும் அங்கே கேளுங்கள்.

வேலையில் இருப்பவர்கள் இன்றே இரண்டு விடயங்களைச் சரிபாருங்கள்: தொழில்தருநர் மாதாமாதம் பணம் கட்டுகிறாரா? பின்னுரித்தாளியாக இருப்பது யாருடைய பெயர்?