தோற்பொருட்களுக்கு எண்ணெய் தெரிதல்

மாரிகாலம் முடிந்து அலுமாரியைத் திறக்கும்போது, சப்பாத்திலும் கைப்பையிலும் வெண்படலம் படிந்திருப்பதைக் காண்பது நமது வீடுகளில் வழமையான அனுபவமாகும். தோல் வரண்டுவிட்டதாகக் கருதி, சமையலறையில் கைக்கெட்டிய எண்ணெயை எடுத்துப் பூசிவிடுவதும் அதே அளவுக்கு வழமையானதே. ஆயினும் வெப்பமும் ஈரமும் மிகுந்த இத்தீவில், எண்ணெய் போதாமையினால் கெடும் தோலிலும் பார்க்க, பொருந்தாத எண்ணெயினாலும் மிகையான எண்ணெயினாலும் கெடும் தோலே அதிகம் எனலாம்.

முதலில் அவ்வெண்படலம் யாதென அறிதல் வேண்டும். கூந்தல் உலர்த்தும் கருவியினால் சற்று இளஞ்சூடு காட்டினால், அது கொழுப்பாயின் உருகித் தோலினுள் மறைந்துவிடும். பூஞ்சணமாயின் அப்படியே இருக்கும். கொழுப்பெனில் ஏற்கெனவே எண்ணெய் மிகுந்துவிட்டது என்பதே பொருள். பூஞ்சணமெனில் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடவேண்டும். வளியின் சாரீரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டிய நிலை நீடிக்குமாயின் பூஞ்சணம் வளர வாய்ப்புண்டு. அதன்மேல் எண்ணெய் பூசுவது அதற்கு உணவூட்டுவதாகவே முடியும். பிளாஸ்ரிக் பையில் இறுகக் கட்டி வைப்பதும் தவறே. பருத்தித் துணியுறை போதுமானது.

தோலைப் பதனிடும்போது அதன் இயற்கைக் கொழுப்பு பெரும்பாலும் நீங்கிவிடுவதால், தொழிற்சாலையிலேயே மீண்டும் எண்ணெய் ஊட்டப்படுகின்றது. நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது வழுக்கி அசைய அதுவே உதவுகின்றது. நாம் பூசுவது, காலப்போக்கில் இழந்த சிறு பகுதியை ஈடுசெய்வதற்கு மாத்திரமே. மறைவான ஓரிடத்தில் ஒரு துளி நீரை இட்டுப் பாருங்கள். நீர் ஊறி அவ்விடம் கருமையடைந்தால் எண்ணெயும் ஊறும். முத்துப்போல் உருண்டு நின்றால் மேலே வர்ணப்பூச்சு உள்ளதெனக் கொள்ளலாம்; ஈரத்துணியால் துடைப்பதே அதற்குப் போதும். றெக்சினுக்கு எந்த எண்ணெயும் பயன்தராது. மெருகற்ற சுவேட் தோலில் எண்ணெய் பட்டால் கறையே மிஞ்சும். றபான், தவில் போன்றவற்றின் தோல் இவ்வாறு பதனிட்டு எண்ணெயூட்டிய தோலன்று. அவற்றுக்கு இக்குறிப்புகள் பொருந்தா.

சமையல் எண்ணெய்களுள் நல்லெண்ணெய் காலப்போக்கில் ஒட்சியேற்றமடைந்து பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். தேங்காயெண்ணெய் விரைவில் சிக்குப் பிடிக்காதாயினும், ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைவதால் நுவரெலியா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் மேற்பரப்பில் வெண்மையாகப் பூத்துவிடும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும் தன்மையது. அதை அறவே தவிர்க்கவேண்டும். கடைகளில் விற்கப்படுபவற்றில் லனோலினும் தேன்மெழுகும் கலந்த பசைவகை அன்றாடப் பாவனைக்குத் தகுந்தது. பட்டாணியளவு எடுத்து மெல்லிய துணியால் பூசி, மறுநாள் மிகையானதைத் துடைத்துவிட வேண்டும்.

மற்றொரு விடயமும் கவனத்திற்குரியது. தோல் மெருகூட்டப் பெயர்பெற்ற நீட்ஸ்புட் எண்ணெய் மாட்டின் கால் எலும்புகளிலிருந்து பெறப்படுவது. மிங்க் எண்ணெய் அப்பெயருடைய ஊனுண்ணியின் கொழுப்பாகும். சைவ உணவுக்காரரும் இஸ்லாமிய வாசகரும் இதனை அறிந்திருத்தல் அவசியம். பன்றி, நாய் தவிர்ந்த பிராணிகளின் தோல் பதனிடுவதால் தூய்மையடையும் என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. எனினும் பின்னர் பூசும் கொழுப்பை அது தூய்மையாக்காது. தொழுகைக்கு அணியும் தோற்காலுறைக்குப் பூசுவோர், புட்டியில் 'விலங்குக் கொழுப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால் மூலத்தை விசாரித்தோ மார்க்க அறிஞரிடம் கேட்டோ வாங்குவது நன்று. லனோலின் செம்மறியாட்டு உரோமத்திலிருந்தே எடுக்கப்படுகின்றது. தேன்மெழுகிலும் இச்சிக்கல் இல்லை.

இனி, பரம்பரையாக வீட்டிலோ பள்ளிவாசலிலோ பேணப்படும் தோலட்டைப் பழைய நூல்கள். தொட்டால் செந்தூளாக உதிரும் அட்டை எண்ணெய்க்கு ஏங்குவதுபோலத் தோன்றும், உண்மை அதுவன்று. இலண்டன் கலைக் கழகத்தின் குழு 1905 இல் வெளியிட்ட அறிக்கை, நூற்கட்டுத் தோலின் சிதைவுக்கு வளிமாசையும் பதனிடப் பயன்பட்ட பட்டையின் வகையையும் காரணமாகக் காட்டிற்று. குறைகூறப்பட்ட பட்டைகளுள் நமது ஆவாரம் பட்டையும் ஒன்றென்பது சுவையான செய்தி. அமிலத்தால் அறுந்த நாரை எண்ணெய் ஒட்டவைக்காது. லனோலின், தேவதாரு எண்ணெய், தேன்மெழுகு கலந்த 'பிரிட்டிஷ் மியூசியம்' பூச்சை நூலகங்கள் பல தசாப்தங்களாகப் பயன்படுத்தின. அது சிதைவைத் தடுக்கவில்லை என்பதுடன் கறையையும் பிசுபிசுப்பையும் விட்டுச்சென்றதால், பின்னர் பல நூலகங்கள் அவ்வழக்கத்தைக் கைவிட்டன. ஆகவே அத்தகைய நூலுக்கு எதையும் பூசாது, அமிலமற்ற தாளிலோ தூய பருத்தித் துணியிலோ சுற்றி, சுவரோடு ஒட்டாத இறாக்கையில் வைத்து, ஏட்டுப் பாதுகாப்பு அறிந்த ஒருவரிடம் காட்டுக.