வளைந்துகொடுத்த அச்சு

குளியலறை இடுக்குகளை அடைக்க வாங்கும் சிலிக்கோன் சீலன்டைக் கார்ன்ஃப்ளாருடன் பிசைந்து, பொத்தான் முதல் சிறு பொம்மை வரை எதற்கும் வீட்டிலேயே அச்சு எடுத்துவிடுகிறார்கள் கைவினைக்காரர்கள். சிலிக்கோன் வந்ததால்தான் இது கைகூடியது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையான திருப்பம் அதற்கு நெடுநாள் முன்பே, 19ஆம் நூற்றாண்டில், அச்சு வளையத் தொடங்கியபோது நிகழ்ந்துவிட்டது என்பதே என் வாதம். அதுவரை ஐரோப்பியப் பட்டறைகளில் சிலைகளை நகலெடுத்தது பிளாஸ்டர் அச்சு. அது விறைப்பானது. சுருள்முடி, காது மடல், ஆடையின் மடிப்பு போன்ற உட்குழிவுகளில் சிக்கினால், அச்சோ சிலையோ இரண்டிலொன்று உடையும். ஆகவே ஒவ்வொரு துண்டும் தனக்கேற்ற திசையில் கழன்று வரும்படி அச்சைப் பல துண்டுகளாகப் பிரித்துச் செய்தார்கள். மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலைக்கு கிளெமென்டே பாப்பி ஃபிளாரன்ஸில் எடுத்த அச்சில் மட்டும் 1,500க்கும் மேற்பட்ட துண்டுகள். அதன்வழி வார்த்த நகலை டஸ்கனியின் கிராண்ட் டியூக் 1857இல் விக்டோரியா அரசிக்கு அனுப்பினார்; லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அது இன்றும் நிற்கிறது. எந்த இடத்தில் பிரித்தால் துண்டு கழலும் என்று கண்டுகொள்ளும் கண்தான் அச்சு எடுக்கும் தொழிலாளியின் முதலீடு. வார்த்து முடித்த பிறகும், துண்டுகள் சேர்ந்த இடமெல்லாம் எழுந்திருக்கும் மெல்லிய வரம்புகளைச் சீவியாக வேண்டும்.

ஜெலட்டின் அந்தக் கணக்கையே மாற்றியது. மூலச் சிலையைத் தாளால் மூடி, அதன்மேல் களிமண்ணைப் போர்த்தி, வெளியே பிளாஸ்டர் கூடு கட்டுவார்கள். பிறகு கூட்டைக் கழற்றிக் களிமண்ணை எடுத்துவிட்டு, அதே கூட்டை மறுபடி மாட்டி, களிமண் இருந்த இடைவெளியில் உருக்கிய ஜெலட்டினை ஊற்றுவார்கள். ஆறி உறைந்ததும் அதை வளைத்து உரித்தால், உட்குழிவுகள் அனைத்தும் ஒரே துண்டில் பதிந்திருக்கும். துண்டு பிரிக்கும் தேர்ச்சி செய்த வேலையை இங்கே பொருளின் இயல்பே செய்துவிட்டது. நான் திருப்பம் என்று சொல்வது இதைத்தான்.

ஜெலட்டின் அச்சு நிலைக்கவில்லையே என்று கேட்கலாம். கேள்வி சரிதான். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும்; அந்தச் சூடும் ஈரமும் ஜெலட்டினை இளக்கும். படிகாரம் பூசிக் கெட்டிப்படுத்தினாலும் சில வார்ப்புகளுக்குள் நுணுக்கங்கள் மழுங்கிவிடும். காயக் காயச் சுருங்கவும் செய்யும். ஆனால் இவை வளையும் அச்சின் ஆயுளைப் பற்றிய குறைகள். அந்த முறையைப் பொய்யாக்குபவை அல்ல. தேய்ந்த ஜெலட்டினை மீண்டும் உருக்கி ஊற்றவும் முடிந்தது, இறுகிய சிலிக்கோனில் முடியாத காரியம் அது.

சிலிக்கோனுக்கு அச்சுத்தொழிலோடு பிறப்புறவு எதுவும் இல்லை. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வேதியியலாளர் ஃபிரெடெரிக் கிப்பிங் பல ஆண்டுகள் இவ்வகைச் சேர்மங்களை ஆராய்ந்தார். ஆயினும் 1930களில்கூட அவற்றின் எதிர்காலத்தில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 1940இல் அமெரிக்காவில் யூஜீன் ரோச்சோ கண்ட நேரடித் தயாரிப்பு முறையும், போர்க்கால விமானங்களின் தேவையும்தான் சிலிக்கோனை ஆலைக்குக் கொண்டுவந்தன. சூட்டையும் ஈரத்தையும் தாங்குவதால், ஜெலட்டின் தோற்ற இடத்தில் அது நின்றது.

அப்படியானால் வீட்டில் சீலன்டைப் பிசைபவர் புதிதாக எதுவும் செய்யவில்லையா? செய்கிறார், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வினிகர் வாடை வீசும் அந்தச் சீலன்ட், காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்நோக்கி மெதுவாக இறுகுகிறது. மெல்லிய கோடாகப் பூசத்தான் அதைத் தயாரித்தார்கள். கட்டியாக வைத்தால் மேலே தோல் கட்டி, உள்ளே நாள்கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும். கார்ன்ஃப்ளார் தன்னிடமுள்ள ஈரத்தை உருண்டையின் நடுவரை கொண்டுசேர்ப்பதால் முழுவதும் சீக்கிரம் இறுகுகிறது. ஆலை எண்ணாத ஒரு பயனுக்கு, அதன் வேதியியலைப் புரிந்துகொண்டு செய்த திருத்தம் இது. இதனால் பழைய துண்டு அச்சின் அறிவு வீணாகிவிடவும் இல்லை. பெரிய சிலைக்குச் சிலிக்கோன் அச்சு எடுப்பவர்கள், அது தொய்ந்துவிடாதபடி பின்னால் விறைப்பான கூடு கட்டுகிறார்கள். அந்தக் கூட்டை எங்கே பிரித்தால் கழலும் என்பதை இன்றும் முன்கூட்டியே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.