ஆசானின் தேர்வும் ஆசிரியரின் தேர்வும்

ஹைக்கூவை அச்சில் காண இருபதாம் நூற்றாண்டில் இரண்டு வழிகள் உருவாயின. ஒன்று ஜப்பானின் ‘ஹோதோதோகிசு’ இதழ் வகுத்தது. மற்றது அமெரிக்காவின் ‘மாடர்ன் ஹைக்கூ’, ‘ஃபிராக்பாண்ட்’ இதழ்கள் வகுத்தது. இரண்டிலும் கவிஞர் மழையையோ பனியையோ பற்றிச் சில வரிகள் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். யாருடைய முடிவுக்காகக் காத்திருக்கிறார் என்பதில்தான் எல்லா வேறுபாடும்.

1897இல் மாட்சுயாமாவில் பிறந்த ஹோதோதோகிசு, மறு ஆண்டே டோக்கியோவுக்கு இடம்பெயர்ந்து கவிஞர் தகாஹாமா கியோஷியின் கைக்கு வந்தது. வாசகர்களிடமிருந்து வந்து குவியும் கவிதைகளிலிருந்து அவரே தேர்ந்தெடுத்தார். பருவச்சொல்லும் 5-7-5 அசையும் அங்கே விட்டுக்கொடுக்க முடியாதவை. தேர்வு செய்வதும் படைப்புத் தொழிலே என்பது அவர் கொள்கை. அனுப்பியவற்றில் பெரும்பகுதியை இழந்தவர், தேறிய ஒன்றிரண்டை வைத்துத் தம் பாதையைக் கண்டுகொள்ள வேண்டும். மாதந்தோறும் ஒரே கண் ஒருவருடைய எழுத்தைத் தொடர்ந்து பார்த்துவந்ததன் பயன் பெரிது. ஷூவோஷி, செய்ஷி, செய்ஹோ, சுஜூ என 1920களின் முதன்மைக் கவிஞர் நால்வரும் அந்தப் பக்கங்களில் வளர்ந்தவர்கள்.

பெண்கள் எழுதுவதற்கென்றே கியோஷி 1916இல் ‘சமையலறைக் கவிதைகள்’ பகுதியைத் தொடங்கினார். அவ்வழியே வந்தவர் சுகிதா ஹிசாஜோ. பூவையும் மலையையும் அவரளவு தீவிரத்தோடு பார்த்தவர்கள் குறைவு. 1936இல் அவர் பெயர் இதழின் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. தம் தொகுப்புக்கு அவர் கியோஷியிடம் கேட்ட முன்னுரையும் கிடைக்கவில்லை. 1946இல் இறந்தார், தொகுப்பு 1952இல் வந்தபோது அதில் கியோஷியின் முன்னுரை இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. ஒரே கண் பார்ப்பதன் விலை இது.

அமெரிக்காவில் இப்படி நடக்க வழியில்லை. அங்கே ஹைக்கூ சங்கம் 1968இலும், மாடர்ன் ஹைக்கூ 1969இலும், சங்கத்தின் ஃபிராக்பாண்ட் 1978இலும் தொடங்கின. உறுப்பினரல்லாதவரும் அனுப்பலாம், வேறெங்கும் வெளிவராத படைப்பாக இருந்தால் போதும். பருவச்சொல் கட்டாயமில்லை. ஃபிராக்பாண்டில் ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஓர் ஆசிரியர் திருப்பியதை மற்றவர் ஏற்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கவிஞர் முன்பின் அறியாதவராகவே கதவைத் தட்டுகிறார். சுருக்கமான மறுப்புக் கடிதத்திலிருந்து அவர் கற்க ஏதுமில்லை. சுதந்திரத்துக்காக இந்த இழப்பை நான் ஏற்பேன், ஹிசாஜோவை நினைத்து.

உரைநடையில் மட்டும் என் மனம் ஜப்பான் பக்கம் சாய்கிறது. கியோஷியின் ஆசான் மசாவோகா ஷிகி, கண்டதைக் கண்டபடி தீட்டும் சிறு உரைநடையை வளர்த்தார். அதற்கென்றே நண்பர்கள் கூடி, எழுதியதை உரக்கப் படித்துத் திருத்திக்கொண்டார்கள். நத்சுமே சோசெகியின் பூனை பேசும் நாவலின் முதல் பகுதி 1905இல் ஹோதோதோகிசுவில் அச்சேறும் முன் அப்படியொரு கூட்டத்தில்தான் படிக்கப்பட்டது. உரைநடையும் ஹைக்கூவும் கலந்த ஹைபுன்களை அமெரிக்க இதழ்கள் வரவேற்கின்றன. ஆனால் உரைநடைக்கும் கவிதைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பது தனியே எழுதுகிறவருக்கு எளிதில் புலப்படாது. அனுப்பும் முன் நாலு பேர் முன்னால் உரக்கப் படித்துவிடுங்கள் என்றே ஹைபுன் எழுதுகிறவர்களைக் கேட்டுக்கொள்வேன்.