சாட்சிக்கூண்டில் நெஞ்சு

மனச்சாட்சி என்ற சொல்லை நாம் அன்றாடம் எடுத்தாளுகிறோம். அது இல்லாதவன் என்று ஒருவரை ஏசவும் செய்கிறோம். அச்சொல்லுக்குள் ஒரு நீதிமன்றம் இருப்பதைக் கவனிப்பதில்லை. சாட்சி என்பது வடசொல். கண்ணாற் கண்டவன் என்று பொருள்படும். கிறிஸ்தவ வேதத்தின் கிரேக்க மூலத்தில் இதற்கு நேரான சொல் 'சுநெய்தேசிஸ்'. உடனிருந்து அறிதல் என்று அதனை விளக்கலாம். செய்தவன் மறைத்தாலும் அவனோடு கூடவிருந்து அறிந்த ஒன்று உள்ளே இருக்கிறது.

பவுல் அடிகள் கி.பி. 57ஆம் ஆண்டளவில் உரோமாபுரிக் கிறிஸ்தவருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை இங்கு நோக்குதல் வேண்டும். மோசேயின் சட்டத்தைப் பெறாத புறவினத்தார், இறைவன் தீர்ப்பிடும் நாளில் எதனைக்கொண்டு விசாரிக்கப்படுவர்? சட்டம் வேண்டுவது அவர்கள் இருதயத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்கிறார் பவுல். மனச்சாட்சி அங்கே சாட்சி சொல்லும். நினைவுகள் குற்றஞ்சாட்டும், சிலவேளை பரிந்தும் பேசும்.

வேதம் அறியாதவன் நெஞ்சிலும் நீதி உண்டு என்ற இப்பகுதியைச் சைவனாகிய நான் ஆர்வத்துடன் வாசிப்பதில் வியப்பில்லை. பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து, 1850இல் சென்னையில் அச்சேறிய விவிலிய மொழிபெயர்ப்புக்கு உழைத்த ஆறுமுக நாவலரும் இதனைக் கடந்தே சென்றிருப்பார். அவர் இறுதிவரை சைவர். 1854இல் பாதிரிமாரின் கண்டனங்களுக்கு மறுப்பாகச் 'சைவ தூஷண பரிகாரம்' வெளியிட்டவர்.

வன்னி மக்களுக்கு நெஞ்சின் வழக்கு புதியதன்று. வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கதையை நாமறிவோம். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தையும் அறிவோம். உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும், கள்வன் கோவலனல்லன், தானே என்று பாண்டியன் உணர்கிறான். அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் விடுகிறான். குற்றவாளி, சாட்சி, நீதிபதி மூவரும் அங்கே ஒருவரே. இளங்கோவடிகள் படைத்த அந்த மன்றுக்கு ஈடாக வேறொன்றை நான் அறியேன்.

கிறிஸ்தவ போதனை இவ்விடத்தில் வேறு வழி செல்கிறது. அங்கே நெஞ்சு சாட்சி மட்டுமே. நீதிபதியின் ஆசனத்தில் அதற்கு இடமில்லை. யோவானின் முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரம் இதைத் தெளிவாக்குகிறது: நெஞ்சு நம்மைக் குற்றவாளியாக்கினாலும், இறைவன் நெஞ்சிலும் பெரியவர், யாவும் அறிந்தவர்.

இது வெறும் சமயநூல் நுட்பமன்று. 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து மீண்டோர் பலரின் நெஞ்சு இன்னும் வழக்குரைக்கிறது. பிள்ளையின் கையை ஏன் விட்டேன்? தாயைப் பதுங்குகுழியில் விட்டு ஏன் ஓடினேன்? எறிகணையை ஏவியவர் இவர்களல்லர். ஆயினும் நினைவு இவர்களையே கூண்டில் ஏற்றுகிறது. உயிர் தப்பியதையே குற்றமாகச் சாட்டும் இந்தச் சாட்சியைக் கேட்டுப் பாண்டியனைப்போலத் தமக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொண்டோரும் உளர். யோவானின் நிருபத்தைத் தெரிந்த ஒருவர் அவர்களருகில் இருந்திருக்கலாகாதா என்று நான் எண்ணுவதுண்டு.

நெஞ்சு வாய்திறவாதவர்களைப் பற்றியும் பவுல் எழுதாமல் விடவில்லை. தன்மேல் ஒரு குற்றமும் தனக்குத் தெரியவில்லை, ஆனாலும் அதனாலேயே தான் நீதிமானாகிவிடவில்லை என்று கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் கூறுகிறார். கட்டளையிட்டுவிட்டு நிம்மதியாக உறங்குவோரின் வழக்கும், அப்படியானால், இன்னும் தள்ளுபடியாகவில்லை.